பதினேழாம் எண் ரத்தம்

லேப் அக்காவுக்குப் பேராசிரியரைக் கண்டாலே இளக்காரம். அது ஒரே நாளில் வந்ததல்ல. இருபத்திரண்டு வருஷம் அவர் பக்கத்து அறையிலேயே உட்கார்ந்து, நோயாளிகளின் நுரையீரலைக் கழுவி எடுத்த நீரில் உள்ள செல்களை மைக்ரோஸ்கோப்பில் எண்ணியவள் அவள். எண்ணுவது அக்கா, மேடையில் பேசுவது அவர். பேசிவிட்டுப் போகட்டும், வாய் அவருடையது. ஆனால் ஒரு தடவைகூட அவர் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து அவள் பார்த்ததில்லை.

பறவைத் தூசியால் வரும் நுரையீரல் நோய்தான் அவர் ஆராய்ச்சி. புறா வளர்ப்பவர்களுக்கு அடிக்கடி வரும். எச்சமும் இறகுத் தூசியும் மூச்சோடு உள்ளே போக, உடம்பு அதை எதிரி என்று நினைத்துக்கொண்டு சண்டைக்கு நிற்கும். சண்டை முற்றினால் நுரையீரல் தழும்பேறிக் கெட்டியாகிவிடும். அப்படிச் சண்டை போடும் உடம்பின் ரத்தத்தில் அதற்கென்றே ஆன்டிபாடிகள் ஏராளமாக இருக்கும்.

ஒப்பிட்டுப் பார்க்க ஆரோக்கியமான நாற்பது பேரின் ரத்தம் வேண்டியிருந்தது. முப்பத்தொன்பதோடு நின்றுவிட்டது.

"என் ரத்தத்தை எடுத்துக்கோம்மா. என்னைவிட ஆரோக்கியமான ஆள் இந்தக் கட்டடத்துல யாரு?" என்று பேராசிரியர் சட்டைக் கையை மடித்துவிட்டார். இரண்டு மாடி ஏறுவதற்குள் மூன்று இடத்தில் நின்று, சுவரில் ஒட்டிய அறிவிப்புகளைப் படிப்பதுபோல் பாவனை செய்து, மூச்சு வாங்கிவிட்டு வந்த மனிதர்! இடையே ஒருவர் கழன்றுகொண்டதால் காலியாக இருந்த பதினேழாம் எண்ணை அக்கா அவர் குழாயில் ஒட்டினாள்.

முடிவைப் பார்த்தவள் இன்னொரு முறை சோதித்தாள். மூன்றாம் முறையும் சோதித்தாள். புறா, கிளி இரண்டுக்கும் ஒன்றுமில்லை. வாத்து இறகுக்கு மட்டும் ஆன்டிபாடி, அங்கே வந்த எந்த நோயாளிக்கும் இல்லாத அளவுக்கு எகிறியிருந்தது.

"சார், உங்களுக்குத்தான் சார் இருக்கு. ஸ்கேன் எடுத்துப் பாருங்க."

"மெஷின் கோளாறா இருக்கும்."

"மூணு தடவை பார்த்தேன் சார்."

"முப்பது வருஷமா இந்த நோயைப் பத்திப் பாடம் எடுக்கிறேன். எனக்கு வந்தா எனக்குத் தெரியாதா? நெகட்டிவ்னு எழுதும்மா."

"நான் எழுத மாட்டேன் சார்."

அவள் எழுதவில்லை. எழுதுவதற்கென்றே ஓர் உதவியாளர் இருந்தார். அவரை எல்லோரும் 'ஆமாம் சார்' என்றுதான் கூப்பிடுவார்கள். பேனாவின் மூடியைக் கழற்றும்போதே அவர் தலை ஆடிவிட்டது.

அக்கா ஆராய்ச்சி ஒழுங்குக் குழுவுக்குக் கடிதம் போட்டாள். குழுத் தலைவர் யாரென்று அப்போது அவளுக்குத் தெரியாது. 'உரிய முறையில் பரிசீலிக்கப்பட்டது' என்று பதில் வந்தது. கீழே பேராசிரியரின் கையெழுத்து. அக்கா வாய்விட்டுச் சிரித்தாள்.

ஒரு மாதம் கழித்துப் பேராசிரியரின் மனைவி போன் செய்தார்.

"படுத்தா இருமல், எழுந்தா இருமல். டாக்டரைப் பார்க்கலாம்னா நானே டாக்டர்தானேங்கிறார். உங்ககிட்ட ஏதாவது சொன்னாராம்மா?"

பதினேழாம் எண்ணைப் பற்றி அக்கா வாய் திறக்கவில்லை. அவர் ரத்தம், அவர் ரகசியம். சும்மா கேட்பதுபோல் கேட்டாள்: "வீட்டுல பறவை எதுவும் வளர்க்கிறீங்களாம்மா?"

"ஐயோ, காக்கா கத்தினாலே ஜன்னலைச் சாத்துற மனுஷன்!"

"அவர் படுக்கிற தலையணை?"

"வாத்து இறகு. போர்வையும் அதேதான். ஏதோ மாநாட்டுல கொடுத்தாங்களாம். அது இல்லாம தூங்க மாட்டார்."

அக்கா கண்ணை மூடித் திறந்தாள். முப்பது வருஷப் பாடம் தினமும் அதன்மேல் தலைவைத்துத்தான் தூங்கியிருக்கிறது. "ரெண்டையும் வீட்டைவிட்டு வெளியே தள்ளுங்க. பஞ்சுத் தலையணை போதும். நுரையீரல் டாக்டர் ஒருத்தர்கிட்டயும் இழுத்துட்டுப் போங்க."

தலையணையையும் போர்வையையும் எலி கடித்துவிட்டது என்று மனைவி சொல்லிவிட்டார். அவரும் நம்பினார். டாக்டரிடம் மட்டும் கடைசிவரை போகவில்லை. இரண்டு மாதத்தில் இருமல் அடங்கியது. நல்லவேளையாகத் தழும்பு ஏறுமளவுக்கு முற்றியிருக்கவில்லை.

ஆண்டுக் கூட்டத்தில் அவர் மேடையேறி, தனக்கு வந்த 'சின்ன நெஞ்சுச் சளியை' மூச்சுப் பயிற்சியாலும் மன உறுதியாலும் விரட்டிய கதையை அரைமணி நேரம் சொன்னார். 'ஆமாம் சார்' கண்ணைத் துடைத்துக்கொண்டார். முன்வரிசையில் இருந்த மனைவி திரும்பி அக்காவைப் பார்த்து, சட்டென்று கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

பதினேழாம் எண் நெகட்டிவ் என்றே பதிவான ஆராய்ச்சிக் கட்டுரை அச்சுக்குப் போகும் வாரம், நன்றி சொல்லும் பட்டியலில் இருந்து தன் பெயரை எடுக்கச் சொன்னாள் அக்கா. உதவியாளருக்கு ஒன்றும் புரியவில்லை.

"ஏன்க்கா? சார் மேல அவ்வளவு கோபமா?"

"கோபமா? கோபப்படறதுக்கு எதிர்ல ஒரு ஆள் இருக்கணும்ப்பா."

பெயர் போனது, கட்டுரை வந்தது, அவர் இயக்குநரானார். அக்கா அதற்குள் புதிதாக வந்த நோயாளியின் குழாயை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஆள் கோழிப்பண்ணையில் வேலை செய்பவர். தனக்கு என்னவென்று தெரியாது, பார்த்துச் சொல்லுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போயிருந்தார்.