காந்தத் தட்டும் முகூர்த்தப் புடவையும்

காந்தத்தில் ஒட்டினால் அது போலிச் சரிகை என்று நம்பிய மேதாவி நான். வாழ்த்து அட்டையில் ஒட்டுவதற்குப் பட்டுப் பூ வெட்டலாமென்று, நெசவாளர் மோகன் தந்த சரிகை வைத்த துண்டுத் துணியை, பூ வெட்டும் சின்ன மெஷினில் அச்சைப் பிடித்துக்கொள்ளும் காந்தத் தட்டில் மடிப்போடு வைத்தேன். ஒட்டிக்கொண்டது. என் மகளின் முகூர்த்தப் புடவையும் அவர் தறியில்தான் இருந்தது. பதற்றத்தில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, வண்டியை மறந்துவிட்டு, அவர் வீட்டுக்கு ஓடியே போனேன். போளூரிலிருந்து புடவை வாங்க வந்தவர்கள் முன்னால், "சரிகைன்னு இரும்பையா நெய்யற?" என்று கத்தினேன்.

"இன்னா அண்ணே பேசிகினு இருக்கீங்க? இரும்பு நெய்ய நான் பட்டறையா வச்சிகினு இருக்கேன்?" என்றார் மோகன். யாரும் சிரிக்கவில்லை. போளூர்க்காரர்கள் ஒன்றும் வாங்காமல் எழுந்து போனார்கள். மோகன் என்னைப் பார்க்காமல் தறிக்குத் திரும்பினார்.

வீட்டுக்கு வந்து துணியைப் பிரித்தேன். காந்தத்தில் ஒட்டியது சரிகை இல்லை. மடிப்பு கலையாமலிருக்க நானே குத்தி வைத்த குண்டூசி.