கம்பி இறக்கியவர்

ஆறாம் வகுப்பில் படிக்கும்போது, என் அப்பா சென்னையில் மின்சார ரயில் ஓட்டினார் என்று பள்ளியில் சொன்னேன். அப்போது எங்கள் பக்கம் டீசல் இன்ஜின்தான். விருதுநகர் ஜங்ஷனில்கூட மேலே கம்பி கிடையாது. ஒரு வாரம் என் மதிப்பு ஏறியே இருந்தது.

அப்பா அப்படிச் சொன்னதில்லை. "மின்சார ரயில்ல வேலை பாத்தேன்" என்றுதான் சொல்வார். ஓட்டினார் என்பது நானாகச் சேர்த்தது.

அது கடற்கரையிலிருந்து தாம்பரம் வழியாகப் போன மீட்டர்கேஜ் பாதை. வெள்ளைக்காரன் காலத்திலேயே அதில் மின்சார வண்டிகள் ஓடின. பிறகு ஜப்பானிலிருந்து வந்த இன்ஜின்கள் விழுப்புரம் வரை வண்டி இழுத்தன. அகலப்பாதை வந்தபோது அதை மூடினார்கள். நான் பள்ளியில் சேர்ந்த வயதில், மேலே இருந்த கம்பிகளை இறக்க, திருத்தங்கலிலிருந்து ஒரு கான்ட்ராக்டர் கூட்டிப்போன ஆட்களில் அப்பாவும் ஒருவர். உடைப்பதற்காக நிறுத்தியிருந்த இன்ஜின்களை அங்கே பார்த்திருக்கிறார். "மாட்டுச் சந்தையில நிக்கிற மாதிரி வரிசையா நின்னுச்சு தாயி" என்பார்.

என் வகுப்பில் ஒருத்தியின் சித்தப்பாவும் அதே வேலைக்குப் போனவர். அவள் விசாரித்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"ஏட்டி, உங்கப்பா ஓட்டுனாராக்கும்? ரயிலு நின்ன பொறவு கம்பிய அறுத்துக் கீள போட்டவருட்டி!"

வகுப்பே சிரித்தது.

அப்பா அப்போது தாயில்பட்டியில் ஒரு பட்டாசு கம்பெனியில் மருந்து கலக்கும் வேலை பார்த்தார். மருந்து அறைக்குள் நுழையும் முன் வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டைத் தொட வேண்டும்; உடம்பில் ஏறிய மின்சாரம் தரைக்கு இறங்கிவிடும். இறங்காவிட்டால் ஒரு பொறி போதும். அந்தப் பழக்கத்தில், வீட்டுக்கு வந்தாலும் குனிந்து தரையில் உள்ளங்கையை வைத்துவிட்டுத்தான் என் தலையைத் தொடுவார். அன்றும் குனிந்தார்.

"கம்பி அறுத்த வேலைதானே பாத்தீக? அதுல என்ன பெரும?" என்று கத்தினேன்.

கை தரையிலேயே இருந்தது. பிறகு எழுந்து கைகால் கழுவப் போய்விட்டார். அதற்குப் பின் ரயிலைப் பற்றி அவர் பேசவில்லை. எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். படிவங்களை நானேதான் நிரப்பினேன். தந்தையின் தொழில் என்ற இடத்தில் பட்டாசு என்று எழுதாமல் 'அச்சகம்' என்று எழுதினேன்.

கல்லூரியில் மின்பொறியியல் எடுத்தேன். ஒரு நாள் வகுப்பில், மின்சாரத்தை நிறுத்திய கம்பியும், பக்கத்தில் மின்சாரம் ஓடும் வேறு கம்பி இருந்தால் ஆளைக் கொல்லும், முதலில் அதைத் தரையோடு இணைக்க வேண்டும் என்றார்கள். அன்று மாலையே அப்பாவுக்குப் போன் செய்தேன்.

"பக்கத்துத் தடத்துல கரண்டு இருக்கும்போதா கம்பி இறக்குனீக?"

"ஆமா தாயி. மொதல்ல எர்த்துக் கொக்கி மாட்டணும். மாட்டாம தொட்டா முடிஞ்சுச்சு." பிறகு அவரே கேட்டார். "உடைக்காம ஒரு இன்ஜின மட்டும் வச்சிருக்காங்களாம். அங்கன ஒருக்கா கூட்டிட்டுப் போறியா?"

"பரீட்சை முடியட்டும்பா" என்றேன். ஆறாம் வகுப்பில் அப்படிக் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்க நினைத்தேன். அதை இன்ஜின் முன்னால் நின்று கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

பரீட்சைக்கு முன் தீபாவளி சீசன் வந்தது. மருந்து அறை வெடித்தது. அப்பாவோடு சேர்த்து உள்ளே இருந்த நான்கு பேரில் யாரும் பிழைக்கவில்லை. செம்புத் தகடு மட்டும் வாசலில் அப்படியே இருந்தது.

இந்த வருடம்தான் சென்னைக்குப் போனேன். இப்போது விருதுநகரிலிருந்தே மின்சார இன்ஜின்தான் இழுக்கிறது. அப்பா சொன்ன இன்ஜின், பழைய ரயில்களைக் காட்சிக்கு வைத்திருக்கும் ஓரிடத்தில், வேப்பமரத்தடியில் நின்றது. நான் நினைத்ததைவிடச் சிறியது. சக்கரத்தருகே குனிந்து, தரையில் உள்ளங்கையை வைத்துவிட்டு, அதைத் தொட்டேன்.

காவல்காரர் வந்துவிட்டார். "தொடக் கூடாதும்மா." பிறகு என் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டார். "உங்க வூட்ல யாராச்சும் இத ஓட்டுனாங்களா?"

"இல்லண்ணே" என்றேன். "எங்கப்பா கம்பி இறக்குனாரு."