ஆனையிறவில் பிறந்த தங்கச்சி

ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபத்து நான்காம் ஆண்டு, ஆனி மாதம் எட்டாம் திகதி, சனிக்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். மழை இல்லை. சோளகக் காற்று உப்பளத்துப் பக்கமிருந்து தூசியை அள்ளிவந்து பஸ்ஸின்மேல் அறைந்துகொண்டிருந்தது. பஸ்ஸில் கொண்டக்டரையும் சேர்த்து ஐம்பத்திரண்டு பேர். அந்த நேரத்தில்தான், ஆனையிறவுச் சாவடியில், எனக்கு ஒரு தங்கச்சி பிறந்தாள். அப்போது எனக்கு ஒன்பது வயதும் நான்கு மாதமும்.

வெளிநாட்டுச் சாமான்களை அரசாங்கம் நிறுத்தி வைத்திருந்த காலம். பருப்பு இல்லை, பால்மா இல்லை, துணிக்கும் கூப்பன். பேக்கரி வாசலில் பாணுக்கு விடியமுன்னம் வரிசை. எனக்குக் கிடைக்கும் இடம் அநேகமாக முப்பதுக்கும் நாற்பதுக்கும் இடையில். ஆனால் மிளகாயும் வெங்காயமும் வெளியிலிருந்து வராததால் புத்தூர்த் தோட்டக்காரர் கையில் காசு புரண்டது. என் சித்தப்பாவும் தோட்டக்காரர். காலையில் மிளகாய் விலையைக் கேட்டுவிட்டு அரசாங்கத்தைப் புகழ்வார். மத்தியானம் சாப்பாட்டுக் கோப்பையில் மரவள்ளிக்கிழங்கைக் கண்டதும் அதே அரசாங்கத்தைத் திட்டுவார். ஒரே நாளில் இரண்டு கட்சியிலும் இருந்த வேறொருவரை நான் கண்டதில்லை.

அவருக்குப் பரந்தனில் இரண்டு ஏக்கர் வயல் இருந்தது. சொந்த வயல், சொந்த அரிசி. அதை வீட்டுக்குக் கொண்டுவரத்தான் முடியாது. ஆளுக்கு இரண்டு கொத்துக்கு மேல் அரிசி கொண்டுபோகக் கூடாது என்று சட்டம் இருந்ததாக நினைவு. ஆனையிறவில் பஸ்ஸை மறித்து, பைகளைக் கொட்டி, ஆண்களின் இடுப்பைத் தடவிப் பார்ப்பார்கள். பிள்ளைத்தாய்ச்சியை மட்டும் தொடமாட்டார்கள். இது சித்தப்பாவின் கண்டுபிடிப்பு.

சின்னம்மா என் அம்மாவின் தங்கை. கலியாணம் முடித்து ஒன்பது வருடம், பிள்ளை இல்லை. தொண்டைமானாற்றில் எங்கள் வீட்டில் ஏழு பிள்ளைகள், நான் நான்காவது. நடுவில் இருந்து ஒன்றை எடுத்தால் வெளியே தெரியாது என்று நினைத்தார்களோ என்னவோ, ஆறு வயதில் என்னைச் சின்னம்மாவிடம் கொடுத்துவிட்டார்கள்.

ஒன்று விட்டு ஒரு சனிக்கிழமை நானும் சின்னம்மாவும் பரந்தனுக்குப் போவோம். திரும்பும்போது அவர் அரிசிப் பையைச் சேலைக்குள் வயிற்றோடு கட்டிக்கொள்வார். முதல் நாளே ஏழு கொத்துக் கட்டு என்றார் சித்தப்பா. சின்னம்மா மறுத்துவிட்டார், பார்க்கிற சனம் மாதம் எண்ணும் என்றார். புரட்டாதியில் இரண்டு கொத்து, தையில் நான்கு, சித்திரையில் ஆறு. ஒவ்வொரு முறையும் பையைப் பிரித்து, கொஞ்சம் பெரிதாக்கித் தைத்தார்.

பஸ்ஸில் பெண்கள் எழும்பி இடம் கொடுப்பார்கள். ஒருத்தி ஒருநாள் மாங்காய் கொடுத்தாள். சின்னம்மா எனக்கு ஒரு கீற்றும் தராமல் முழுவதையும் தின்று முடித்தார். வீட்டுக்கு வந்த பிறகும் பையை அவிழ்க்கமாட்டார். உலை கொதித்து, சித்தப்பா இரண்டு தரம் கேட்ட பிறகுதான் அவிழ்ப்பார். களைப்பு என்று நினைத்தேன்.

எனக்கு ஒரேயொரு வேலை. சார்ஜன்ட் பஸ்ஸில் ஏறும்போது சின்னம்மாவை ‘அம்மா’ என்று கூப்பிட வேண்டும். ஒரு பயணத்துக்கு ஒரு தடவை. மாதக்கணக்கில் அதற்காகக் காத்திருந்தேன் என்பதை யாருக்கும் சொன்னதில்லை.

சார்ஜன்ட் தெற்குப் பக்கத்து ஆள், சிங்களவர். எங்களைக் கண்டால் சிரிப்பார். பஸ்ஸை மெல்ல எடுக்கும்படி சாரதிக்குச் சைகை காட்டுவார்.

வைகாசியில் நான் விரல்விட்டு எண்ணினேன். ஒன்பது மாதம் முடியப்போகிறது என்று சின்னம்மாவிடம் சொன்னேன். தெரியும் என்று மட்டும் சொன்னார். சித்தப்பாவிடம் அடுத்த கண்டுபிடிப்பு ஆயத்தமாக இருந்தது: இனி அரிசியைத் துணியில் சுற்றி, கைக்குழந்தைபோலக் கொண்டுவரலாம். சின்னம்மா அவரை எதிர்த்துக் கதைத்ததை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

“வயித்திலை கட்டினன், சரி. அரிசியை மடியிலை வைச்சு ஆட்டமாட்டன்.”

அப்படியானால் பிள்ளை இல்லாமல் போய்விட்டது என்று சொல்லிவிடு, கேள்வி அதோடு முடிந்துவிடும் என்றார் சித்தப்பா. சின்னம்மா அரிசிப் பையின் தையலைப் பிரிக்கத் தொடங்கினார். சித்தப்பா அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

அந்த ஆனி எட்டாம் திகதி சின்னம்மா வயிற்றில் ஒன்றும் கட்டாமல் பஸ்ஸில் இருந்தார். கூடையில் சட்டப்படி இரண்டு கொத்து அரிசி. சார்ஜன்ட் ஏறினார், பார்த்தார், நின்றார். முகம் மலர்ந்து என்னிடம்தான் கேட்டார்.

“தங்கச்சியா, தம்பியா?”

நான் சின்னம்மாவைப் பார்த்தேன். அவர் யன்னலுக்கு வெளியே உப்பளத்தைப் பார்த்தார்.

“பொம்பிளைப்பிள்ளை,” என்றார்.

முன் இருக்கைப் பெண் திரும்பி, “பேர் வைச்சாச்சோ?” என்று கேட்டாள்.

“ஓம். வதனி.”

சின்னம்மா ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் இந்தக் கதையில் பெயரோடு வருபவள் அவள் ஒருத்திதான்.

சார்ஜன்ட் இறங்கிச் சாவடிக் கொட்டிலுக்குள் போனார். பஸ் ஏழு நிமிடம் நின்றது. திரும்பி வந்தபோது கையில் ஒரு தகர ரின் நிறையப் பால்மா. அந்த நாளில் கூப்பனுக்குச் சாமான் கொடுக்கும் சங்கக்கடையில்கூடக் கண்ணால் காணமுடியாத சாமான்.

“நம்ம வீட்டிலயும் பேபி. இது வதனி பேபிக்கு,” என்றார்.

சின்னம்மா புத்தூர்வரை ரின்னை மடியில் வைத்திருந்தார். அன்று நான் ‘அம்மா’ என்று கூப்பிடவில்லை. யாரும் அதைக் கவனிக்கவுமில்லை. பின்னர் கலண்டரை வைத்து எண்ணிப் பார்த்தேன்: முதல் பயணத்திலிருந்து அன்றுவரை இருநூற்று எண்பது நாள்.

ரின் அலுமாரியில், கூறைச்சேலைக்குப் பக்கத்தில் ஏறியது. உடைத்துத் தேத்தண்ணி போடச் சொன்னார் சித்தப்பா. அது பிள்ளையுடையது என்றார் சின்னம்மா. சித்தப்பா சிரித்தார்; பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டார். சின்னம்மா அதற்குப்பின் பரந்தனுக்குப் போகவில்லை. நாங்கள் மரவள்ளிக்கிழங்கு தின்றோம்.

பள்ளிக்கூடம் விட்டு நான் வரும்போது இருவரும் தோட்டத்தில் நிற்பார்கள். அந்த வீட்டில் எனக்கென்று அலுமாரித் தட்டு ஒன்றும் இருக்கவில்லை. என் புத்தகங்கள் கட்டிலுக்குக் கீழே. இல்லாத ஒருத்திக்கு அலுமாரியில் இடம் இருந்தது. ஆனி பத்தாம் திகதி கரண்டிப் பிடியால் மூடியைக் கிளப்பினேன். பால்மா எனக்குப் பெரிதாகப் பிடிக்காது. அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், தண்ணீர் குடித்தாலும் போகாது. ஆனாலும் பள்ளிநாள் ஒவ்வொன்றுக்கும் ஒரு கரண்டி.

சின்னம்மா அந்த ரின்னை இடைக்கிடை எடுத்து மடியில் வைத்திருப்பார் என்பது எனக்குத் தெரியாது. ஆடி இரண்டாம் திகதி பின்னேரம் எடுத்தவர், கையில் வைத்தபடியே அதன் பாரத்தைப் பார்த்தார். மூடியில் என் கரண்டி போட்ட நெளிவைத் தடவினார்.

“எத்தினை கரண்டி?”

“பதினேழு.”

அடிப்பார் என்று கையை நீட்டிக்கொண்டு நின்றேன். அவர் நிலத்தில் இருந்துவிட்டார். பாதிக்கு மேல் இருக்கிறது, பாதிக்கு மேல் இருக்கிறது என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். என் கணக்குச் சரி. சின்னம்மா அழுத சத்தத்தில் சித்தப்பா மண்வெட்டியோடு ஓடிவந்து, ரின்னைப் பார்த்துவிட்டு, வாசலிலேயே நின்றார்.

மறுநாள் சித்தப்பா என்னைச் சைக்கிளில் ஏற்றித் தொண்டைமானாற்றில் இறக்கினார். அங்கே பாயில் என் இடத்தில் கடைசித் தம்பி படுத்திருந்தான். சாப்பிட்டாயா என்று அம்மா கேட்டார். யாரும் ஏசவில்லை. இவ்வளவும் கொஞ்சப் பால்மாவுக்கா என்று பல வருடம் எனக்குக் கோபம் இருந்தது. செத்த வீடுகளில்தான் பெண்கள் அப்படி நிலத்தில் இருந்து அழுவார்கள் என்பது அந்த வயதில் எனக்கு உறைக்கவில்லை. அம்மா என்று இன்னொரு தடவை, சார்ஜன்ட் இல்லாத இடத்தில், கூப்பிட்டிருக்கலாம் என்பதும் தோன்றவில்லை.

சில வருடங்களுக்கு முன் மறுபடியும் பால்மாவுக்குத் தட்டுப்பாடு வந்தது. மருதனார்மடத்தில் ஒரு கடை வாசலில் நாற்பத்தோராவது ஆளாக நின்றேன். தனியாக இருக்கிறவன், வெறுந்தேத்தண்ணி குடிக்கிறவன். ஏன் நின்றேன் என்று தெரியாது. பின்னால் நின்ற பெண், வீட்டில் சின்னப்பிள்ளை இருக்கோ ஐயா என்று கேட்டாள். ஓம், தங்கச்சி என்றேன். என் நரையைப் பார்த்துவிட்டு மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சின்னம்மா வீட்டில் நான் இருந்தது மூன்று வருடமும் ஒரு மாதமும். அந்த வீட்டை இழக்க எனக்குச் செலவானது பதினேழு மேசைக்கரண்டி பால்மா. அதுவும் குவித்து அல்ல, மட்டமாக.