சட்டைகள் தொங்கிய சைக்கிள்

மட்டாஞ்சேரித் தெருக்களில் சைக்கிள் எந்த உருவத்தில் வந்தாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். சாணை பிடிப்பவரின் சைக்கிள் நின்ற இடத்தில்தான் வேலை செய்யும். ஸ்டாண்டு போட்டு ஏறி மிதித்தால் கல் சுற்றும், கத்தி கூராகும், வண்டி ஓர் அங்குலம் நகராது. சாயா விற்பவரின் சைக்கிளில் பின்னால் அடுப்பே எரிந்துகொண்டு போகும். மீன்காரரின் ஹாரன் சத்தத்துக்கு மனிதர்களுக்கு முன்னால் பூனைகள் வந்து நிற்கும். இத்தனையையும் பேசாமல் ஏற்றுக்கொண்ட தெரு, என் அப்பா கட்டிய சைக்கிளைப் பார்த்து மட்டும் சிரித்தது. எனக்கு அப்போது பதினொரு வயது. சிரிப்புச் சத்தம் கேட்டால் வண்டி எந்த முக்கில் வருகிறது என்று எனக்குத் தெரிந்துவிடும். நான் எதிர் முக்கில் திரும்பிவிடுவேன்.

எங்களுடையது துணி வெளுத்துத் தேய்க்கும் குடும்பம். அப்பாவின் தாத்தா காலத்திலேயே கொச்சிக்கு வந்து சேர்ந்தவர்கள். அப்பா இஸ்திரி போட்ட துணிகளை மடித்து, மூட்டை கட்டி, சைக்கிள் கேரியரில் வைத்து, தோப்பும்படி பாலம் தாண்டி எர்ணாகுளம் வரைக்கும் கொண்டுபோய்க் கொடுப்பார். போய்ச் சேருவதற்குள் மூட்டை நசுங்கி, சட்டையெல்லாம் படுத்துத் தூங்கி எழுந்ததுபோல் ஆகிவிடும். ஒரு வீட்டு அம்மா, "அண்ணாச்சி, இது தேச்சதா, இனிமே தேய்க்கப் போறதா?" என்று கேட்டாராம். அப்பா அதைச் சிரித்துக்கொண்டேதான் எங்களிடம் சொன்னார். ஆனால் மறுநாளிலிருந்து இஸ்திரிப் பெட்டியையும் கரியையும் கூடவே கொண்டுபோக ஆரம்பித்தார். அவரவர் வாசலில் நின்று இரண்டாம் முறை தேய்த்துக் கொடுப்பார். வீடு திரும்பும்போது நான் தூங்கியிருப்பேன்.

அந்தக் கோபத்தில் பிறந்ததுதான் அந்தச் சைக்கிள். இரண்டு பழைய சைக்கிள்களை அறுத்து, பின் சக்கரத்தை இரண்டு முழம் தள்ளி வைத்து, இரண்டு சங்கிலிகளை ஒன்றாகக் கோத்தார். நீண்டுபோன அந்த இடத்தில் இரண்டு குழாய்களை நிற்க வைத்து, மேலே குறுக்காக ஒரு கம்பி. பார்த்தால் பந்து விளையாடும் கோல் போஸ்ட். அந்தக் கம்பியில் ஹேங்கர் ஹேங்கராகச் சட்டைகள், சேலைகள், பேண்ட்டுகள். கீழே சக்கரம் துணியில் படாமல் இருக்கப் பழைய குடைத்துணி. மழைக்கு மேலிருந்து இழுத்துவிடும் பிளாஸ்டிக் திரை. ஆறு மாதம் வெல்டிங் கடையில் நின்று, அந்தக் கடைக்காரர் "அண்ணாச்சி, எனக்கும் குடும்பம் இருக்கு" என்று கெஞ்சும் வரை திருத்தித் திருத்திக் கட்டினார்.

பாலத்தின் மேல் காயல் காற்று பிடித்தால் அத்தனை சட்டையும் ஒன்றாக உப்பும். ஒரு திசையில் போகும்போது அப்பா மிதிக்கவே வேண்டாம். திரும்பி வரும்போது இறங்கித் தள்ள வேண்டும். பாலத்தடி மீனவர்கள், "பாயும் கட்டியாச்சு, இனி வெள்ளத்துல இறக்குங்க அண்ணாச்சி" என்பார்கள். அப்பா கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போவார். துணி மட்டும் மடிப்புக் கலையாமல் போய்ச் சேர்ந்தது. அப்பா விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீட்டுக்கு வர ஆரம்பித்தார். எங்களோடு உட்கார்ந்து கப்பைக் கிழங்கும் மீன்கறியும் சாப்பிட்டார்.

கெடுதல் என்னவென்றால், வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வண்டி எங்கள் பள்ளிக்கூட வாசலில் வந்து நிற்கும். பக்கத்திலேயே டீச்சர்களின் வீடுகள். வண்டியை மரத்தடியில் சாய்த்துவிட்டு அப்பா ஹேங்கர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போவார். பள்ளிக்கூடம் விடுகிற நேரமும் அதுதான்.

"எடீ, உன் அலமாரி வந்துடுச்சு கேட்டோ" என்று எங்கள் வகுப்புப் பெண்கள் கத்துவார்கள். மூன்று வாரம் முகம் கொடுக்க முடியாமல் தவித்தேன். நாலாவது வாரம் ஒருத்தி, ஒரு ரோஸ் நிறச் சேலையைக் காட்டி, "இது யாரோடது?" என்று சும்மா கேட்டாள். "கணக்கு டீச்சரோடது" என்றேன். "முந்தானையில ஓட்டை இருக்கு. அதான் எப்பவும் இடுப்புல சொருகியே இருப்பாங்க."

சிரிப்பு சட்டென்று வேறு பக்கம் திரும்பிவிட்டது. எனக்கு அது புதிய சுகம்.

எங்கள் தொழிலில் ஒவ்வொரு வீட்டுத் துணிக்கும் காலரின் உள்பக்கம் ஒரு குறி உண்டு. சிலருக்குக் கோடு, சிலருக்குப் புள்ளி, சிலருக்குச் சின்ன வட்டம். எழுத்துக்கு முன்னாலேயே எனக்கு அந்தக் குறிகளைப் படிக்கத் தெரியும். எந்த வீட்டில் யாருக்குச் சட்டை கிழிந்திருக்கிறது, யார் வீட்டு விரிப்பு எதனால் தினமும் வருகிறது, எல்லாம் தெரியும். அதை வெளியே பேசக் கூடாது என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. எங்கள் வீட்டில் யாரும் பேசியதில்லை, அவ்வளவுதான். இப்போது வெள்ளிக்கிழமைதோறும் என்னைச் சுற்றிக் கூட்டம். அலமாரி என்று கூப்பிட்டவர்களே அது வருகிறதா என்று மதில்மேல் ஏறிப் பார்த்தார்கள்.

ரெஜீனா மட்டும் அந்தக் கூட்டத்தில் சேரமாட்டாள். அவளுடைய பப்பா துறைமுகம் இருக்கும் ஐலண்டில் கப்பல் கம்பெனி ஆபீசர் என்று ஒன்றாம் வகுப்பிலிருந்தே சொல்லி வந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை எங்களைக் கடந்து போனவள் நின்று, "ஊரான் துணியத் தெருவுல கட்டித் தொங்கவிடுறது பாண்டிங்க வேலை" என்றாள். பாண்டி என்பது அங்கே தமிழர்களைக் கேவலமாகச் சொல்லும் பெயர். அவள் அப்படிச் சொல்ல என்ன காரணம் என்று நான் யோசிக்கவில்லை. அவளுக்கு அந்த வண்டியைப் பார்த்தாலே பயம் என்பது எனக்கு எப்படித் தெரியும்.

கம்பியின் நடுவில் அப்பா எப்போதும் சில உருப்படிகளை ஒரு வெள்ளை விரிப்புக்குள் மூடித்தான் கொண்டுபோவார். தூசிக்காக என்று நினைத்திருந்தேன். அந்த விரிப்பின் கிளிப்பை இரண்டு கையாலும் அழுத்தித் திறந்து விலக்கி, உள்ளேயிருந்து ஒரு கருநீலச் சட்டையை ஹேங்கரோடு எடுத்துத் தூக்கிப் பிடித்தேன். தோளில் மஞ்சள் பட்டை. பையின் மேல் செக்யூரிட்டி என்று நூலில் தைத்திருந்தது.

"ஆபீசர் சார் வந்திருக்கார். சல்யூட் அடிங்கடீ."

"கள்ளம்" என்றாள் ரெஜீனா. "அது எங்களோடது அல்ல."

அதோடு விட்டிருக்கலாம். நான் சட்டைக் காலரைப் புரட்டினேன். மூன்று புள்ளி, ஒரு கோடு. "உன் காலர்லயும் இதே இருக்கும். பார்க்கலாமா?" என்றேன். நான் தொடவில்லை என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தொட்டவர்கள் மற்றவர்கள்தான். இரண்டு பேர் அவள் கையைப் பிடித்துக்கொள்ள, ஒருத்தி அவளுடைய யூனிபார்ம் காலரைப் புரட்டினாள். மூன்று புள்ளி, ஒரு கோடு. ரெஜீனா அழவில்லை. காலரைச் சரிசெய்துகொண்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ரோட்டைக் கடக்க இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் போனாள்.

அப்பா திரும்பி வருவதற்குள் சட்டையை இருந்தபடியே வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளுடைய அப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். நல்ல வெள்ளைச் சட்டை. அந்தச் சட்டையில் வீட்டைவிட்டுக் கிளம்பி, வேலை செய்யும் இடத்தில் போய்த்தான் நீலத்துக்கு மாறுவார் என்பது எங்களுக்குத் தெரியும். "என் துணி ஏதாச்சும் பாக்கி இருந்தா குடுங்க அண்ணாச்சி" என்றார். அப்பா ஒரு நீலச் சட்டையை எடுத்துக் கொடுத்தார். எப்போதும்போல "சாரே" என்றுதான் கூப்பிட்டார். "என்ன சாரே, ஏதாவது குறையா?"

"ஸ்கூல் வாசல்ல எல்லாரும் கண்டுட்டாங்க. மோளு ரெண்டு நாளா சோறு உண்ணல." யார் காட்டினார்கள் என்று அவர் சொல்லவில்லை. அவருடைய மகள் அவரிடம் அதைச் சொல்லியிருக்க மாட்டாள் என்று இன்று தோன்றுகிறது.

நான் மேசைக்கு அந்தப் பக்கம் நின்று வேட்டிக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். தெளித்துக்கொண்டே இருந்தேன். வேட்டி சொட்டியது. அப்பா அந்த வேட்டியை ஒரு தடவை பார்த்தார்.

"பாலத்துல காத்து ஜாஸ்தி சாரே" என்றார். "விரிப்பு பறந்து விலகியிருக்கும். என் தப்புதான். மன்னிக்கணும்."

"சாரமில்ல, போகட்டும். இனி துணி எடுக்க வர வேண்டா."

அவர் அந்த நீலச் சட்டையை, தேய்த்த சூடு ஆறாத சட்டையை, நான்காக மடித்தார், எட்டாக மடித்தார், பைக்குள் அழுத்தி வைத்துக்கொண்டு போனார்.

அடுத்த சனிக்கிழமைக்குள் இன்னும் மூன்று வீடுகள் துணி நிறுத்தின. ஒன்று கணக்கு டீச்சர் வீடு. அப்பா வாசலில் சைக்கிளை நிறுத்தி ரம்பத்தை எடுத்தார். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "காத்தடிச்சதுக்கு யாராவது வண்டிய அறுப்பாங்களா? துணிய இன்னும் ரெண்டு விரிப்புப் போட்டு மூடுங்க."

"வேண்டாம். மடிச்சே கொண்டுபோறேன்."

"திரும்பவும் பெட்டியத் தூக்கிட்டு வாசல் வாசலாவா?"

அப்பா என்னைக் கூப்பிட்டார். "பாப்பா, வந்து பிடி."

முதலில் விரிப்பைக் கழற்றினார். கம்பியோடு அதைச் சேர்த்துப் பிடித்திருந்தவை நான்கு இரும்புக் கிளிப்புகள். பாலத்துக் காற்றுக்கென்றே வெல்டிங் கடையில் சொல்லிச் செய்தவை. ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் அழுத்தித் திறக்க அவருக்கே பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது. நான்கையும் என் உள்ளங்கையில் வைத்து, கையை மூடிவிட்டு, என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஏதோ கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். "இறுக்கிப் பிடி, ஆடக் கூடாது" என்றார். ரம்பத்தைக் குழாயில் வைத்தார்.

நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இரும்புத்தூள் காலில் உதிர்ந்தது. அன்று எனக்கு இருந்த ஒரே எண்ணம், காற்றுக்கு வாய் இல்லாதது எவ்வளவு நல்லதாய்ப் போயிற்று என்பதுதான்.