அக்கா முங்கி எடுத்த வேல்

என் அக்காவைப் போல மூச்சுப் பிடிக்க எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஆம்பிளைப் பிள்ளைகளாலும் முடியாது. கொஸ்லந்தைத் தோட்டத்து ஆற்று மடுவில் அவள் முங்கினால், கரையில் நிற்கிற எனக்குத்தான் மூச்சு முட்டும். அந்த வருஷம் கதிர்காமத் திருவிழாவுக்குப் போனபோதும் அவள் சும்மா இருக்கவில்லை. எல்லோரும் மாணிக்க கங்கையில் தலையை நனைத்துக்கொண்டு கும்பிட்டபடி கரையேற, இவள் மட்டும் மாணிக்கம் தேடுகிறேன் பேர்வழி என்று ஆழமான வளைவில் முங்கினாள். எழுந்தபோது கையில் மாணிக்கம் இல்லை. கறுப்பாக, முக்கோணமாக, ஓரமெல்லாம் ரம்பம் மாதிரி கூர் வைத்த ஒரு கல் இருந்தது.

அதைப் பார்த்ததும் அம்மா ஈரச் சேலையோடு மணலில் விழுந்து கும்பிட்டாள்.

"அடியே, முருகனோட வேலுடி இது! நீ போக வேணாம்னு சாமி சொல்லிட்டாருடி!"

போவது என்றால் இந்தியாவுக்கு. அக்காவைக் கட்டியவர் வீட்டில் இந்தியப் பிரஜாவுரிமைக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். நாங்கள் இங்கேயே இருக்க எழுதிக் கொடுத்தவர்கள். கப்பலுக்கு நாள் வந்துவிட்டால் அவள் கடலுக்கு அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். எனக்கோ அவளை விட்டால் விளையாடவும் ஆளில்லை, சண்டை போடவும் ஆளில்லை.

அம்மா அதற்கு மஞ்சள் பூசி, நுனியில் எலுமிச்சம்பழம் குத்தி, சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகிற பெண்கள் எங்கள் வாசலில் நின்று கும்பிட்டுவிட்டுக் கொழுந்து பறிக்கப் போனார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை!

வெள்ளிப் பூண் போடலாம் என்று அம்மா அதை மடியில் கட்டிக்கொண்டு என்னோடு பதுளைக்கு வந்தாள். வழக்கமாகத் துணி எடுக்கிற முஸ்லிம் கடை நானாவிடமும் காட்டினாள். அவர் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"இது சுறாப் பல்லும்மா. நான் அம்பாந்தோட்டைக்காரன். எங்க பக்கம் பொடியன்மார் கடல்ல முங்கி எடுப்பாங்க. ரொம்பக் காலம் கெடந்து கல்லாப் போன பல்லு."

"சாமி ஆத்துல சுறா மேயுதாக்கும்?" என்று அம்மா வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. பூண் போடாமலே திரும்பினோம்.

நாள் வந்தது. பதுளை ஸ்டேஷனில் லயமே திரண்டு நின்று அழுதது. அம்மா அந்தக் கல்லை அக்காவின் முந்தானையில் முடிந்துவிட்டாள்.

"எனக்கு எதுக்கும்மா? இங்கயே இருக்கட்டும்."

"போற எடத்துல ஒனக்குத் தொணைக்கு ஆரு இருக்கா?"

ரயில் நகர்ந்ததும் அழுகையைவிட எனக்கு ஆத்திரம்தான் வந்தது. அது வீட்டில் இருந்தால் சாமி அக்காவைத் திருப்பி அனுப்பியிருப்பாரே, அதையும் தூக்கிக் கொடுத்துவிட்டாளே இந்தப் பாழாய்ப்போன அம்மா!

சரி, நாமே இன்னொரு வேல் எடுத்துக்கொள்வோம் என்று தோட்டத்து மடுவில் முங்க ஆரம்பித்தேன். கரையில் எனக்காக மூச்சு முட்ட யாருமில்லை. தண்ணீர் எலும்பைக் குடையும். கைக்கு வந்ததெல்லாம் வெறும் கூழாங்கல். குளிரில் உதறிக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பேன், பிறகு மறுபடியும் முங்குவேன்.

ஒரு சாயங்காலம் மலையிலிருந்து இறங்கி வந்த அம்மா என்னைப் பார்த்துவிட்டாள். இன்றைக்கு முதுகுத் தோல் உரியப்போகிறது என்று நடுங்கினேன். அவள் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பாறையில் உட்கார்ந்தாள். நான் கை நிறையக் கல்லோடு எழுந்ததும் எட்டிப் பார்த்தாள்.

"கெடச்சுதாடி?"

கிண்டல் பண்ணுகிறாள் என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எல்லாவற்றையும் தண்ணீரில் வீசி எறிந்துவிட்டு லயத்துக்கு ஓடினேன். அன்றைக்கு அவளோடு நான் பேசவே இல்லை. அவள் நிஜமாகத்தான் கேட்டாள் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.