மறிப்பவர் இருவர்

அட்டாளைச்சேனையில் ஆசிரியப் பயிற்சி பெற்ற ஐம்பதுகளில், நானும் மருதமுனை நண்பன் ஒருவனும் கூடைப்பந்து ஆடினோம். கூடைக்குள் போடுவது எங்கள் வேலையல்ல. எதிரணியின் நெட்டையனை மாறி மாறி மறிப்பதுதான். நான் இடித்து, இழுத்து, பவுல் வாங்கி மறிப்பேன், சனம் கைதட்டும். அவன் தொடவே மாட்டான். நெட்டையன் வரப்போகும் இடத்தில் முன்கூட்டியே நிற்பான். அதை யார் பார்த்தார்கள்?

கடைசிப் போட்டிக்கு எங்களில் ஒருவனுக்குத்தான் இடம். அவன் அஸர் தொழப் போயிருந்தபோது விளையாட்டு மாஸ்டர் என்னிடமே கேட்டார்.

"ரெண்டு பேர்லயும் ஆரு நல்லா மறிக்கிற?"

"நான்தான் சேர்."

வெட்கங்கெட்ட வாய். இடம் எனக்கே கிடைத்தது. நெட்டையன் என்னைச் சுற்றிச் சுற்றிக் கூடைக்குள் போட்டான், தோற்றோம். ஏமாந்து திரும்பிய ஒவ்வொரு தடவையும் வெளியே வாங்குப் பலகையில் இருந்தவனைப் பார்த்தேன். அவன் உட்கார்ந்தபடிதான் இருந்தான். கால்கள் மட்டும், நான் போயிருக்க வேண்டிய பக்கம் நகர்ந்திருந்தன.