லெவல் கண்ணாடியில் நேராக நின்றவள்

எனக்குக் கதை கட்டத் தெரியாது. அளக்கத்தான் தெரியும். பன்னிரண்டு வருஷ ஓவர்சியர் உத்தியோகத்தில் என் அளவுப் புத்தகத்தில் ஒரு நூல் பிசகியதில்லை. இதையும் அதே சுத்தத்தோடு எழுதுகிறேன். நான் ஆவூர்க்காரன், ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவன். பொய் சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

1957, மே 14, செவ்வாய்க்கிழமை. புதுக்கோட்டைக்குத் தெற்கே வெள்ளாற்றங்கரையில் அப்போதுதான் ஒரு குடியிருப்பு எழும்பியிருந்தது. குடிவந்தவர்கள் பெரும்பாலும் பென்ஷன்காரர்கள். தின்றது செரிக்க வேண்டாமா? மாலையில் காலார நடக்கக் கரையோரம் ஒரு பாதை வேண்டும் என்று மனுப் போட்டார்கள். முக்கால் மைல் நீளம், நிழலுக்கு மரம், உட்கார சிமெண்டு பெஞ்சு. திட்டம் தயாரிக்க என்னை அனுப்பினார்கள். எனக்கு உதவியாள் அடைக்கலம், பக்கத்துக் கிராமத்தான். கல்யாணமாகி இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது.

மேடு பள்ளம் பார்க்கும் வேலை சுலபம். நான் முக்காலியில் லெவல் கருவியை வைத்து அதன் கண்ணாடி வழியே பார்ப்பேன். இருநூறு அடி தள்ளி அடைக்கலம், அளவு எழுதிய நெட்டைக் கட்டையைப் பிடித்தபடி நிற்பான். தெரிகிற எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டியதுதான். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்துக் கருவியில் எல்லாமே தலைகீழாகத்தான் தெரியும். வானம் கீழே, மணல் மேலே, ஆள் தலைகீழ். எனக்கு அது பழகிப்போயிருந்தது.

மணி 5.20. பாதை போகும் வழி நெடுக அடித்திருந்த முளைக்குச்சிகளில் பதினோராவது. ஆறு காய்ந்து கிடந்தது. அந்த முளைக்கு நேர் கீழே, மணலில் ஊற்றுத் தோண்டி ஊரார் குடிதண்ணீர் எடுப்பார்கள்.

"கட்டைய நட்டாச்சுங்கய்யா!"

பார்த்தேன். கட்டையில் 4.35 அடி. எழுதினேன். அடைக்கலத்தை ஒட்டி ஒரு பெண் நின்றாள். முதுகு தெரிந்தது. சேலையைத் தூக்கிச் செருகியிருந்தாள். தண்ணீருக்கு வந்தவள் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

தலையைத் தூக்கி வெறும் கண்ணால் பார்த்தேன். அடைக்கலம் மட்டும்தான் நின்றான்.

மறுபடி கண்ணாடியில் பார்த்தேன். இருந்தாள். என்னவோ சரியில்லை... அவள் கூந்தல் அவிழ்ந்து மேல்நோக்கி நின்றது.

அப்போதுதான் உறைத்தது.

அடைக்கலம் தலைகீழாகத் தெரிகிறான். அவள் நேராகத் தெரிகிறாள்.

அப்படியென்றால், அங்கே அவள் தலைகீழாக நிற்கிறாள்...

"ஐயா!"

"என்ன?"

"காலுகிட்ட யாரோ மூச்சு விடுறாப்ல இருக்குங்க."

மணி 5.24. சரக்... சரக்... மணல் சரிகிற சத்தம்.

என் கை எழுதிக்கொண்டே இருந்தது. 4.35. 4.35. 4.35. பயம்கூட வரவில்லை. உடம்பு மரத்துவிட்டது.

அவள் திரும்ப ஆரம்பித்தாள்...

கண்ணை மூடிக்கொண்டேன்.

"கட்டையைப் போட்டுட்டு ஓடிவா!"

வந்தான். அவனுக்கு ஒன்றுமில்லை. அது அவனுக்காகத்தான் வந்தது என்று எனக்குப் பட்டது. இந்தப் பையனைக் காப்பாற்றிவிட வேண்டும், அவ்வளவுதான் என் நினைப்பு. சிலுவை போட்டுக்கொண்டேன்.

"அடைக்கலம், பத்து நாளைக்கு நீ ஆத்துக்குள்ள எறங்காதே. ஏன்னு கேக்காதே."

"சரிங்கய்யா."

அவன் கேட்கவும் இல்லை. நான் சொல்லவும் இல்லை.

ஏழாம் நாள், 21-ஆம் தேதி, காலை 9.10-க்கு ஆபீசுக்கு ஆள் வந்தது. அடைக்கலத்தின் பெண்சாதி செவந்தி இறந்துவிட்டாள் என்றார்கள். சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். அவன் வாசலில் உட்கார்ந்திருந்தான். கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை.

"கோடையில ஊத்து ஆழத்துக்குப் போயிருங்கய்யா. எப்பவும் நாந்தான் எறங்கித் தோண்டுவேன், அவ மோந்துக்கிருவா. நீங்க சொன்னீங்கன்னு நான் எறங்கல. சரி, நானே தோண்டிக்கிறேன்னு விடியக்காலம் போயிருக்கா..."

அவன் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை.

"குனிஞ்சு அள்ளையில மணலு சரிஞ்சிருச்சு. தலகீழா உள்ள போயிட்டாங்கய்யா. ரெண்டு பாதந்தான் வெளிய தெரிஞ்சுச்சு."

"எந்த எடத்துல?"

"பதினோராவது மொளைக்குக் கீழங்க."

எனக்கு அழுகை வரவில்லை. அன்றைக்குப் போலவே உடம்பு மரத்துக் கிடந்தது.

அடைக்கலம் எழுந்து வந்தான்.

"நீங்க மட்டும் சொல்லலைன்னா, அந்தக் குழியில நான்ல கெடப்பேன். ஒங்க வாக்குதான் என்னையக் காப்பாத்துச்சு."

என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.